மத்தியான மணிக்குத் திறக்கும் தண்ணீர்

எங்கள் நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்து சில வருஷங்கள் கழித்து நான் நகரசபையில் வால்வுக்காரனாகச் சேர்ந்தேன். யாராவது என்ன வேலை என்று கேட்டால், "ஊருக்கே தண்ணி காட்டுகேன்" என்பேன். அப்போதெல்லாம் எனக்கு வாய்த்துடுக்கு அதிகம்.

மலையடிவாரத்து அணையிலிருந்து வரும் தண்ணீர் மேட்டிலிருந்த பெரிய தொட்டியில் வந்து விழும். தொட்டிக்குக் கீழே ஒரு குழியில் இரண்டு வால்வுகள். ஒன்று மேலப்பகுதிக்கு, மற்றது கீழப்பகுதிக்கு. ஆளுயர இரும்புச் சாவியை மாட்டித் திருகி ஒன்றை அடைத்து இன்னொன்றைத் திறக்க வேண்டும். மேலப்பகுதியில் வக்கீல்களும் வியாபாரிகளும் இருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே குழாய் உண்டு, ரோஜாச் செடிக்கும் தண்ணீர் உண்டு. கீழப்பகுதியில் நெசவுக்காரர்களும், பஞ்சம் பிழைக்க மேற்கேயிருந்து வந்து ஓலைக்குடிசை போட்டவர்களும், என் அக்காவைப் போன்ற சின்னச் சம்பளக்காரர்களின் குடும்பங்களும். அறுபது வீட்டுக்கு ஒரு தெருக்குழாய். அங்கே கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர்தான் ஊறும். குளம் ஒன்று இருந்தது. அதில் பாதியை பஸ் ஸ்டாண்டுக்காக மண்ணடித்து மூடிவிட்டார்கள். மீதிப் பாதியில் மேலப்பகுதியின் சாக்கடை வந்து விழுந்தது. வருஷா வருஷம் ஊருக்குள் ஆள் கூடிக்கொண்டே போனது. தொட்டி மட்டும் கட்டின அளவிலேயே இருந்தது.

அக்காவுக்கு நெடுங்காலம் பிள்ளை இல்லை. எங்கள் புராட்டஸ்டண்டு சபையில் ஜெபித்து, ஆஸ்பத்திரிக்கு நடந்து, பதினோரு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தாள். நான் சொல்லும் வருஷத்தில் அவளுக்கு நாலு வயது. என்னைக் கண்டால், "வெள்ளக்கார மாமா" என்று கத்துவாள். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேச்சு. நான் வெள்ளம் திறந்துவிடும் மாமா.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் கோடை அது. பக்கத்து ஊர்களில் வாந்திபேதி என்று பேச்சு வந்தது. அக்கா குளத்துத் தண்ணீரை வாசற்படி ஏறவிடவில்லை. தெருவில் மற்றவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "எதுக்கு அந்தச் சாக்கடையக் குடிக்கிய? எந்தம்பில்லா வால்வுல நிக்கான். ஒருநாளும் முடக்கமாட்டான்." பக்கத்து வீட்டுக்காரி, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சொல்லுவாவ. நமக்குப் பூசாரி சொந்தக்காரன்" என்று சிரிப்பாளாம். கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எனக்குக் கடிகாரம் கிடையாது. ஓவர்சியரிடம் ஒன்று இருந்தது, அவர் பாதி நாள் அணைக்கட்டில் இருப்பார். ஆகையால் கத்தோலிக்கக் கோயில் மணிதான் எனக்குக் கடிகாரம். அங்கே காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் தவறாமல் அடிப்பார்கள். காலை மணிக்கு மேலப்பகுதியைத் திறப்பேன். மத்தியான மணிக்கு அதை அடைத்துவிட்டுக் கீழப்பகுதியைத் திறப்பேன், இரண்டு மணி நேரத்துக்கு. ஒருமுறை மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே மேலப்பகுதியை அடைத்துவிட்டேன். ஒரு கவுன்சிலர் வீட்டில் அப்போது யாரோ சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்களாம். மறுநாள் ஓவர்சியர் வந்து, "மணி அடிக்காம சாவியத் தொட்டேன்னா வேலை போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் வந்தது. அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தொட்டி நிறைந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை தொட்டி நிறையும் முறை வந்தது. காலை மணி அடித்தது. மேலப்பகுதியைத் திறந்துவிட்டுக் குழிக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அன்று மலைப்பக்கம் மூட்டம் போட்டிருந்ததால் நிழல் விழவில்லை. நேரம் தெரியவில்லை.

வயிறு சொன்னது, மணி சொல்லவில்லை. வயிற்றை நம்பிச் சாவியைத் தொட்டால் சோறு போய்விடும் என்று உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காது கொடுத்துக் கொண்டே இருந்தேன். கடைசியில் ஓவர்சியர்தான் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்னடே, மணி ரெண்டாகப் போவுது. மேலப்பகுதிய இன்னுமா அடைக்கல?"

ஓடிப்போய்த் திருகினேன். கீழப்பகுதிக் குழாயில் புஸ்ஸென்று காற்றுச் சத்தம்தான் போனது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன், அடியில் சேறு தெரிந்தது. இனிச் சனிக்கிழமைதான்.

"மணி கேக்கல, சார்" என்றேன்.

"தூங்கியிருப்ப. போட்டும். அணையில வெள்ளம் இல்லன்னு நான் எழுதிருகேன். நீ ஒருத்தரிட்டயும் வாயத் திறக்காத." அவர் நல்ல மனுஷர். என் வேலையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நானும் தலையாட்டினேன். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தூங்கித்தான் இருப்பேனோ என்று அன்று முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கீழப்பகுதியில் நடந்ததை மறுநாள் தெரிந்துகொண்டேன். பத்துப் பதினைந்து குடங்கள் வரிசையில் இருந்தன. நேரமாகியும் தண்ணீர் வராததால் ஒவ்வொருத்தியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனார்கள். அக்கா மட்டும் போகவில்லை. "எந்தம்பி திறப்பான்" என்று பொழுது சாயும்வரை குழாயடியிலேயே நின்றிருக்கிறாள். வீட்டில் குழந்தைக்குத் தாகம். குழந்தை தானாகவே பக்கத்து வீட்டுக்குள் போய், பானையில் இருந்ததைச் செம்பில் மோந்து குடித்துவிட்டாள். குளத்துத் தண்ணீர். காய்ச்சாதது.

வெள்ளிக்கிழமை ராத்திரி வாந்தி தொடங்கியது. சனிக்கிழமை விடியுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. வாந்திபேதி என்பதால் வைத்துக்கொண்டிருக்க விடவில்லை. நகரசபையிலிருந்து ஆள் வந்து வீட்டில் சுண்ணாம்பு தூவினார்கள். அவர்கள் என்னோடு ஒரே இடத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். சின்னப் பெட்டி. அத்தானும் நானும் தூக்கினோம். சபைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் கத்தோலிக்கக் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. வழக்கமான மணி இல்லை. நிறுத்தாமல், விழுந்து விழுந்து அடித்தது. இப்போது கேட்கிறதே, காதில் பழுதொன்றும் இல்லையே என்றுதான் நினைத்தேன். வேறொன்றும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. பெட்டியின் மூலை தோளில் குத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் ஆபீசில் கத்தோலிக்கரான ஒரு பில் கலெக்டரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "பெரிய வியாழன் காலைப் பூசையிலேருந்து சனிக்கிழமை காலைப் பூசை வரைக்கும் நாங்க மணி அடிக்கமாட்டோம் வே. மணிக்குப் பதிலா மரத்தட்டையத்தான் தட்டுவோம். உமக்குத் தெரியாதா? நீரும் கிறிஸ்தவன்தானே?" என்றார். கிறிஸ்தவன்தான். எங்கள் சபைக்கும் அவர்கள் கோயிலுக்கும் கூப்பிடு தூரம்தான். பெரிய வெள்ளியன்று எங்கள் மணி அடிக்கும். அவர்களுடையது அடிக்குமா அடிக்காதா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவர்கள் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன், அவர்கள் மணியை நம்பித்தான் ஊருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

நகரசபைக் கூட்டத்தில் அறிக்கை வாசித்தார்கள். அணையில் நீர்மட்டம் குறைவு என்று அதில் இருந்தது. அக்காவின் தெருவில் மட்டும் ஆறு பேர் போயிருந்தார்கள். ஒரு கவுன்சிலர் எழுந்து, இனிமேல் அந்தக் குளத்துத் தண்ணீரை யாரும் குடிக்காமலிருக்கக் குளத்தை முழுதாக மூடிவிட வேண்டும் என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். சாக்கடை எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது கீழப்பகுதித் தெருக்களில் போயிற்று. பஸ் ஸ்டாண்டு பெரிதாயிற்று. கீழப்பகுதிக்கு என் வால்வை விட்டால் வேறு கதி இல்லை என்றாயிற்று. தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன. சொன்ன நேரத்துக்கு நான் போனேன், திருகினேன், வந்தேன்.

அக்கா என்னை ஒன்றும் கேட்கவில்லை. அணை வற்றிவிட்டது என்று அவளும் நம்பினாள். போகும்போதெல்லாம் காப்பி போட்டுத் தருவாள். "நீ என்ன செய்வ மக்கா, மேலேருந்து வந்தாத்தானே" என்பாள். அப்போது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வருஷம் பெரிய வியாழனுக்கு முந்தின நாள் ஓவர்சியரின் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்காமல் கழற்றித் தந்தார். மறுநாள் பன்னிரண்டு அடிக்க வேண்டிய நேரத்தில் ஊர் அமைதியாக இருந்தது. முள்ளைப் பார்த்து மேலப்பகுதியை அடைத்தேன், கீழப்பகுதியைத் திறந்தேன். திறந்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். எனக்குத் தண்ணீர் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்போல இருந்தது. இறங்கி அக்காவின் தெருவுக்குப் போனேன்.

அக்காதான் வரிசையில் முதலில் நின்றாள். குடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பிறகு கோயில் இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"மணி அடிக்கலியே மக்கா. பின்ன எப்படி வெள்ளம் வந்து?"

"ஓவர்சியர் கடியாரம் தந்திருக்காரு, அக்கா. அவங்க கோயில்ல இண்ணைக்கு மணி அடிக்கமாட்டாவ."

"எல்லா வருசமுமா?"

"ஆமா."

குடம் நிரம்பி அவள் காலில் வழிந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணைக்கும் வியாழக்கிழமைதான்" என்றாள்.

 அவள் குடத்தின் கழுத்தைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தாள். அவ்வளவு தண்ணீரும் ஓடையில் போகும்வரை நின்றாள். பிறகு வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பின்னால் நின்றவள் தன் குடத்தைக் குழாயடியில் வைத்தாள். நான் மேட்டுக்கு ஏறினேன். இரண்டு மணிக்கு அடைக்க வேண்டும்.