காதுக்கருவியும் அளவெட்டி மேளமும்

யாழ்ப்பாண நகரில் காதுக்கருவி விற்கும் கடையின் உள்ளறை மிகச் சிறியது. கதவை மூடினால் தெருச் சத்தம் உள்ளே வராது. கேட்கும் திறனைச் சோதிக்கும் பெண் மேசையில் இரண்டு கருவிகளை வைத்தார். ஒன்று பெரியது, அதன் அடைப்பு காதுத் துவாரத்தை முழுதாக மூடிவிடும். மற்றது தலைமுடிக்குள் மறைந்துவிடும்.

"ஐயாவுக்கு முக்கியமாய் என்ன கேக்கவேணும்?" என்றார்.

கூட வந்த என் மனைவி முந்திக்கொண்டார். "நான் கதைக்கிறது இவருக்கு விளங்கினாப் போதும்."

"நீர் கதைக்கிறது பக்கத்து வீட்டுக்கே கேக்குது. அதுக்கு ஏன் மெஷின்?" என்றேன்.

எனக்கு வேண்டியது நாதஸ்வரம். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் கோயில் திருவிழா மேளக்கச்சேரிகளைப் பற்றிச் சிறு குறிப்புகள் எழுதிக்கொடுக்கிறேன். கேட்காததை எழுதக்கூடாது என்பது தொழிலில் நான் பழகிய விதி. ஆனால் மேல் சுரங்கள் எனக்கு எட்டாமல் போயிருந்தன. வாசிப்பவரின் கன்னத்தையும் விரல்களையும் பார்த்து, ஊகித்து, இரண்டு குறிப்புகள் எழுதிவிட்டேன். மூன்றாவதையும் அப்படி எழுத முடியாது.

இதை அந்த அறையில் நான் சொல்லவில்லை. மேளம் கேட்பதற்கு மருத்துவக் கருவியா என்று சிரிப்பார்கள் என நினைத்தேன். சிறிய கருவியை மாட்டிக்கொண்டு, கைத்தொலைபேசியில் இருந்த நாதஸ்வரப் பதிவொன்றைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே கேட்டது. அதையே எடுத்தேன்.

அடுத்த கிழமை அளவெட்டியில் திருவிழா. எங்கள் ஊர்களில் மேளச்சமா என்னும் கச்சேரியைக் கதிரையில் உட்கார்ந்து கேட்பவர்கள் குறைவு. தவில்களைச் சுற்றி வட்டமாக நெருங்கி நிற்பார்கள். நானும் கையெட்டும் தூரத்தில் நின்றேன். நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தார். அது தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் நடுங்கியது, இடையில் அறுந்தது. தவிலின் ஒவ்வோர் அடியும் கிழிந்து கேட்டது.

"இண்டைக்குச் சுதி நிக்கேல்லை," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். வட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

பக்கத்தில் நின்றவர் வாசித்தவரின் தமையன். "தம்பியின்ரை சுதி நல்லாத்தான் நிக்குது, அண்ணை. உங்கடை காதிலை கிடக்கிறதைக் கழட்டிப்போட்டுக் கேளுங்கோ."

"கவனமடா, பேப்பரிலை போட்டிடுவார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

கழற்றினேன். தவில் நெஞ்சில் இடித்தது. நாதஸ்வரத்தின் மேல் சுரம் இல்லை. மாட்டினால் பிழையாகக் கேட்டது, கழற்றினால் கேட்கவேயில்லை. பின்னால் ஆட்கள் நெருக்கியதால் வெளியேறவும் வழியில்லை. கருவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, மற்றவர்கள் தலையாட்டியபோதெல்லாம் நானும் தலையாட்டினேன்.

மறுநாள் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"நாதஸ்வரம் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே, ஐயா," என்றார் அந்தப் பெண். நீண்டு நிற்கும் சுரத்தைக் கருவி தனக்குள் எழும் விசில் சத்தமென்று எடுத்து அழிக்கப் பார்க்கும். பக்கத்தில் நின்றால் தவிலின் சத்தத்தை அது தாங்காது. தொலைபேசியின் சிறு ஒலியில் இந்தக் குறைகள் தெரியாது என்று விளக்கினார். பெரிய கருவியில் இசைக்கென்று ஒரு தனி அமைப்பை வைத்துத் தந்தார். "இதிலை மேளம் கேக்கலாம். ஆனா ஆக்கள் கதைக்கிறது அவ்வளவு விளங்காது. பட்டனை அமத்தி மாத்துங்கோ. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. பழகிற வரைக்கும் முழுநாளும் போடவேணும்."

காது அடைபட்டது. என் குரல் என் மண்டைக்குள்ளேயே முழங்கியது. சோற்றை மெல்லும் சத்தம் வேறெல்லாவற்றையும் மூடியது. மூன்று நாள் வீட்டில் குறைவாகவே பேசினேன், குறைவாகவே சாப்பிட்டேன்.

நாலாம் நாள், திருவிழா முடியுமுன், மறுபடியும் அளவெட்டி. வட்டத்துக்கு வெளியே, ஒரு தூணோடு நின்றேன். அதே நாதஸ்வரக்காரர் மேல் சட்சச் சுரத்தைப் பிடித்தார். முன்பு நான் அறிந்ததைவிடக் கொஞ்சம் கூராக இருந்தது. ஆனால் நின்றது. அசையாமல், மூச்சு முடியும்வரை நின்றது.

அந்த நேரம் தமையன் என்னிடம் வந்து ஏதோ கேட்டார். உதடுகள் அசைந்தன, சொல் எதுவும் பிடிபடவில்லை. பட்டனை அழுத்தினால் அவர் சொல்வது கேட்கும், சுரம் போய்விடும். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் எதிரில் நின்றார். விரலைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அடுத்த சுரம் தொடங்கியது. விரல் அங்கேயே நின்றது.

அவர் இன்னொரு முறை கேட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்களுக்குள் போனார்.