நடுவில் இருந்த தட்டு

ஆகஸ்ட் மாதம் குடும்பம் கூடும் நாளில், அண்ணன் ராக்னார் வீட்டுக் காப்பி மேசையின் நடுவே பத்தொன்பது வருடங்களாக குன்வோரின் கேக்தான் இருக்கும். பாலைத் திரியவைத்து, முட்டையும் கசப்புப் பாதாமும் சேர்த்து, அம்மாவின் செம்புப் பாத்திரத்தில் சுடுவாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவும் அவளை மற்ற நாட்களில் யாரும் தேடுவதில்லை. அன்று மட்டும், "குன்வோர் வந்தாச்சா?" என்று கேட்பார்கள்.

இந்த வருடம் மினசோட்டாவிலிருந்து ஷர்லீன் வந்திருந்தாள். இந்த ஊரிலிருந்து கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் வழி வந்தவள். கொள்ளுப்பாட்டியின் குறிப்பைப் பார்த்து, அதே கேக்கைக் கண்ணாடித் தட்டில் சுட்டுக் கொண்டுவந்தாள்.

ராக்னார் செம்புப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினான்.

"அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கா. நடுவுல அவளோடது இருக்கட்டும். நீ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டியே?"

"நான் என்ன நெனக்கப்போறேன்?" என்றாள் குன்வோர். காது மடல் சுட்டது.

ஷர்லீன் கரண்டியோடு அருகில் வந்து குசுகுசுத்தாள். "குன்வோர், முதல் துண்டை எங்கேருந்து எடுக்கணும்? கொள்ளுப்பாட்டி எழுதி வைக்கல."

நடுவிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஈயப்பூச்சு தேய்ந்த பழைய செம்புப் பாத்திரத்தின் ஓரம் விஷம் என்று பயந்த காலத்து வழக்கம் அது. விருந்தாளிக்கு ஓரத்தை வைப்பவர் இங்கே யாரும் இல்லை.

"ஓரத்துலேருந்து எடு," என்றாள் குன்வோர்.

முதல் துண்டு, எல்லோருக்கும் மூத்தவளான ஹில்லேவி அத்தையின் தட்டில் விழுந்தது. காப்பிக் கோப்பைகள் அப்படியே நின்றன.

"என்னடி பொண்ணே, என்னைச் சீக்கிரம் அனுப்பி வைக்கப் பாக்குறியா?"

சிரிப்பு கிளம்பியது. ராக்னார் வழக்கத்தைச் சொன்னதும் ஷர்லீனின் முகம் கழுத்துவரை சிவந்தது. ஒரு கணம் குன்வோரைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாம போச்சு, மன்னிச்சுக்கோங்க," என்று மட்டும் சொன்னாள்.

"கண்ணாடித் தட்டுல ஏதுடி விஷம்?" அத்தை ஒரு வாய் போட்டாள். "அட, ஓரம்தான் முறுகலா ருசியா இருக்கு! எண்பத்தெட்டு வருஷமா இதைத் தின்ன விடாம ஏமாத்திட்டீங்களே!"

அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் ஓரம் கேட்டுத் தட்டை நீட்டினார்கள். தொட்டுக்கொள்ள வைத்திருந்த செர்ரி ஜாம் கிண்ணமும் அந்தப் பக்கமே போய்விட்டது. செம்புப் பாத்திரத்துக் கேக்கில் ஒரு கரண்டிகூட விழவில்லை.

அதன் பக்கம் ஷர்லீன் மட்டும்தான் வந்தாள். செம்பின் சரி நடுவில் கரண்டியை இறக்கி, நின்றபடியே தின்றாள்.

"என்னோடதவிட மெதுவா இருக்கு, குன்வோர். நெஜமாத்தான்."

அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று குன்வோர் கூர்ந்து தேடினாள். கிடைக்கவில்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எல்லோரும் தோட்டத்துக்குப் போன பிறகு, கண்ணாடித் தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, மோசமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வாயில் வைத்தாள்.

மோசமாக இல்லை.