பட்டுப்புடவையில் தைத்த தார்ப்பாய்

எங்கள் வீட்டுக்கு ஜிஎஸ்டி ஆபீசர் வரப்போகிறார் என்று நான் வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜிஎஸ்டி என்றால் என்னவென்று தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல முடிந்தது.

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் அத்தையின் தொழிற்சாலை. அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான நாலாம் வருஷமே புருஷன் வேண்டாமென்று திரும்பி வந்தவள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுப்பாள். எண்ணூரில் ஒரு லாரி கம்பெனி, இனி எங்கள் வண்டிகள் எல்லாவற்றுக்கும் நீங்களே தையுங்கள் என்றது. ஆனால் மாத முடிவுக்குள் ஜிஎஸ்டி நம்பர் வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு. ஆடிட்டர் அத்தை பெயரில் விண்ணப்பம் போட்டார். இடத்தை நேரில் பார்க்க ஆபீசர் வருவார் என்றும் சொன்னார்.

பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது ஒன்றுதான், பெண் பார்க்க வருவது. அம்மா கேசரி கிளறினாள். வெட்டிப் போட்டிருந்த தார்ப்பாய், கயிறு, வளையம் எல்லாம் பக்கத்து வீட்டு மாடிக்குப் போயின. தையல் மிஷின்மேல் பூப்போட்ட விரிப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. தார் வாசனை போக ஊதுபத்தி. அத்தைக்குப் பட்டுப்புடவை. அப்பா லீவு போட்டு, தலையைப் படிய வாரி, நடு நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்ணுக்கு அப்பா மாதிரியே இருந்தார்.

நான் தெருமுனையில் காவல். ஹெல்மெட்டோடு ஒருவர் விலாசம் விசாரித்ததுமே, “வந்துட்டாரு! வந்துட்டாரு!” என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன்.

ஆபீசர் கேசரியைத் தொடவில்லை. சுற்றிப் பார்த்தார்.

“தார்ப்பாய் எங்க தைக்கிறீங்க?”

“இங்கதான் சார்” என்றார் அப்பா.

ஆபீசர் பூச்சாடியைப் பார்த்தார். “ஒரு துண்டுத் துணி இல்ல, நூல் இல்ல. இங்க தொழில் நடக்கலைன்னுதான் நான் எழுத முடியும்.”

“ஐயோ சார், கலீஜா கீதேன்னு எல்லாத்தயும் பக்கத்து வூட்டு மாடில போட்டுகீறோம் சார்!” என்றார் அப்பா.

ஆபீசர் ஃபைலை மூடினார். ஆர்டர் போவது இருக்கட்டும், வகுப்பில் என்ன சொல்வேன்?

அதுவரை காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்த அத்தை, தட்டை அம்மா கையில் கொடுத்தாள். பூச்சாடியைத் தரையில் வைத்தாள். விரிப்பை உருவினாள்.

“பாப்பா, மாடிக்கு ஓடு. ஒரு பாயி இஸ்துகினு வா!”

நான் பறந்தேன். என்னைவிடக் கனமான தார்ப்பாயைப் படிப்படியாக உருட்டி, தெருவில் இழுத்து வந்தேன். அதிலிருந்து கிளம்பிய தூசி கேசரியில் இறங்கியது. அத்தை பட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். கடகடவென்று அறையே அதிர்ந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டியும் விட்டேன்.

ஆபீசர் போனை எடுத்தார். “போட்டோ எடுக்கணும். ஓனர் மிஷின் பக்கத்துல நில்லுங்க” என்றார், அப்பாவைப் பார்த்து. அப்பா எழுந்தார், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

“நான் இல்ல சார். எங்கக்கா.”

“நான்தான் சார்” என்றாள் அத்தை, தையலை நிறுத்தாமல்.

பத்து நாளில் நம்பர் வந்துவிட்டது. சான்றிதழைப் பிரின்ட் எடுக்க அத்தையும் நானும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அத்தை அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள், திருப்பியும் பார்த்தாள்.

“புருஷன் பேரு எங்கயும் போடலியா?”

“இதுல அதெல்லாம் வராதுக்கா. உங்க பேரு மட்டும்தான்” என்றான் சென்டர் பையன்.

“இன்னும் ரெண்டு காப்பி போடு நைனா” என்றாள் அத்தை.

அவளிடமிருந்த மற்ற எல்லாக் காகிதத்திலும், விட்டு வந்த மனுஷனின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. ஒன்று கம்பெனிக்கு, ஒன்று சுவரில் மாட்ட, அது புரிந்தது. மூன்றாவதை அத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கசங்கிவிடுமே என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரே கவலை.