பந்துக்கு ஓர் எழுத்து

ஹைதராபாத் குகட்பள்ளியில் எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சுற்றிக் கோலும் கையுமாக நிற்கும் ஆண்களைப் போல ஒரு வெட்டிக் கூட்டத்தை நான் எங்கும் கண்டதில்லை. ஒருவருக்கும் ஆடத் தெரியாது. ஆனால் கோலின் நுனியில் நீலச் சாக்பீஸைத் தேய்ப்பதென்ன, ஒற்றைக் கண்ணை மூடிக் குறி பார்ப்பதென்ன, அப்பப்பா. அத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பிறகு பந்து பாதி வழியில் நின்றுவிடும். பெண்கள் அந்த அறைக்குள் போவதில்லை. வளையல் பட்டு மேசைத் துணி கிழிந்துவிடுமாம். இவர்கள் கோலால் குத்திக் கிழித்த இடத்தில் செலோடேப் ஒட்டியிருப்பதை நான் ஜன்னல் வழியாகவே பார்த்திருக்கிறேன்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் பெரிய மனிதர் எங்கள் தமிழ்க் குழுவின் தலைவர். என் கணவருக்கு அலுவலகத்திலும் அவர்தான் மேலதிகாரி. தமிழ், தமிழர் என்று வாட்ஸப்பில் நாள் தவறாமல் பதிவு போடுவார். யாரோ எழுதியதை எடுத்துப் போடுவார், பிழையையும் சேர்த்து. பொங்கல் விழாவுக்கு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தமிழையும் பில்லியர்ட்ஸையும் கலந்து ஒரு போட்டி வைக்க வேண்டும். எப்படிக் கலப்பது என்பது மட்டும் உதிக்கவில்லை. அந்த வேலை என் கணவர் தலையில் விழுந்து, அங்கிருந்து என்னிடம் வந்தது. சொற்புதிர் போடுவது எனக்குப் பொழுதுபோக்கு. பேகம்பேட்டில் என் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் மதியச் சாப்பாட்டோடு என் புதிரையும் சேர்த்துத்தான் சாப்பிடுவார்கள்.

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு போட்டேன். பலகையில் 'கடல்' என்று எழுதியிருக்கும். மேசையில் ஆறு வண்ணப் பந்துகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ஒரு பந்தைக் குழியில் தள்ளினால் அதன் எழுத்தைச் சொல்லில் ஏதாவது ஓர் எழுத்துக்குப் பதிலாக வைக்க வேண்டும். வருவது பொருளுள்ள சொல்லாக இருக்க வேண்டும். ஆறு பந்தும் விழுந்து முடியும்போது 'இனம்' என்று வந்து நிற்க வேண்டும். நடுவில் இருக்கும் நீலப் பந்துக்கு 'ன' கொடுத்திருந்தேன். தள்ளுவதற்கு அதுதான் சுலபம். தள்ளினால் 'கனல்' என்று நல்ல சொல்லும் கிடைக்கும். ஆனால் அதை முதலில் தள்ளியவனுக்கு, பிறகு 'ர' பந்து விழும்போது நடுவில் இருக்கும் 'ன' போய்விடும்; ஆறையும் தள்ளி 'இனம்' போய்ச் சேர மாட்டான். இந்த ஆண்கள் எதற்கு ஆசைப்படுவார்கள் என்று தெரிந்தே போட்டது அது.

கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். போட்டி விதிகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டும் தாளில், போட்டவர் என்று என் பெயர் இருக்க வேண்டும். ஹைதராபாத் வந்த நாளிலிருந்து இந்தக் குடியிருப்பில் நான் இன்னாருடைய மிஸ்ஸஸ், இன்ன பிளாட் ஆன்ட்டி. ஒரு தாளிலாவது என் பெயரைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

"அதுக்கென்னட்டி, சார்ட்ட சொல்லிருதேன்" என்றார்.

விழாவன்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தாளின் அடியில் கொட்டை எழுத்தில் தலைவர் பெயர். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கணவரை வெளியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்க சொன்னியளா இல்லையா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள பிரின்ட் எடுத்துட்டாவ. விடு, நமக்குத் தெரியும்லா."

உள்ளே போட்டி அமர்க்களப்பட்டது. வந்தவர் எல்லோரும் நேராக நீலப் பந்துக்குத்தான் போனார்கள். நாலைந்து குத்தில் அது எப்படியோ விழுந்து 'கனல்' வந்ததும் ஒரு கைதட்டல். அப்புறம் வாயில் ஈ போவது தெரியாமல் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் தோற்றதும், புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பையன், "சார், நீங்கதானே போட்டீங்க, நீங்களே ஆடிக் காட்டுங்க" என்றான். தலைவர் கோலை எடுத்தார். சாக்பீஸைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். விடையைக் கேட்டு வைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அந்த மனிதருக்கு.

என் கணவர் வாசலுக்கு ஓடி வந்தார். "ஏட்டி, வெடையச் சொல்லு. சாருக்கு அசிங்கமாப் போயிரும்."

"எனக்கு அசிங்கமானது ஒங்களுக்குத் தெரியலையோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை. கோலை நான் தொடவே இல்லை. பந்துகளைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் போட்டேன். மடல், மடம், மரம், வரம், வனம், இனம். சொல்லி முடித்ததும் அறையே கைதட்டியது.

எல்லோரையும்விட அதிகமாகத் தட்டியவர் தலைவர். "நான் சொல்லிக் கொடுத்ததை மேடம் அப்படியே மனப்பாடம் பண்ணிட்டாங்க" என்றார். நா கூசவில்லை. 'இனம்' என்று முடித்ததற்குக் காரணம் இருக்கிறது என்று தொடங்கி, தமிழினத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றினார்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது நான் என் கணவர் பக்கம் திரும்பினேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டேன். "நீங்களே சொல்லுங்க. இத யாரு போட்டது?"

அவர் என்னைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு சிரித்து, "சாரும் இவளும் சேந்துதான் போட்டாங்க" என்றார்.

அதற்கும் கைதட்டினார்கள்.

நான் படியிறங்கி வீட்டுக்கு வந்து, வைத்த குழம்பைச் சூடு பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்தார். "சார் ஒன்னய ரொம்பப் பாராட்டினாரு" என்று சொல்லிக்கொண்டே தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலைவர் செய்தது எனக்கு வலிக்கவில்லை. அவரை நான் ஒருநாளும் மதித்ததில்லை. இவரை மதித்திருந்தேன்.