சத்ருக்னனிடம் எடுத்த கிரீடம்

அமெரிக்காவில், நியூஜெர்ஸியின் பிஸ்கட்டவேயில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை நாங்கள் போலந்து அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். லாரி மெக்கானிக். இளவயதில் அந்த நாட்டு ராணுவத்தில் கட்டாயச் சேவை செய்துவிட்டு இங்கே வந்தவர். அப்போது தொப்பியில் குத்தியிருந்த கழுகுச் சின்னம் ஒன்று அவரிடம் இருப்பதாக அப்பா சொல்லியிருந்தார். நான்காம் வகுப்பில், அக்கம்பக்கத்தார் ஒருவரைப் பற்றிப் பேச ஏதாவது ஒரு பொருளோடு வரச் சொன்னார்கள். அடுத்தவர் சாமானைக் கேட்டு வாங்கக் கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியும், நான் போய் அவரை நச்சரித்து அதை வாங்கி வந்துவிட்டேன். கொடுக்க அவர் ரொம்பவே தயங்கினார். நான் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

கட்டைவிரல் நீளத்தில் வெள்ளி நிறக் கழுகு. பழைய குங்குமச் சிமிழுக்குள் பஞ்சு வைத்து அதில் படுக்க வைத்தேன். படுத்தது படுத்தபடி இருக்க விட்டேனா என்றால் இல்லை. இரண்டு நாள் ஸ்கூல் பஸ்ஸில் கைக்குக் கை மாற்றி எல்லோருக்கும் காட்டினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், எங்களோடு தங்கி மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த சித்தப்பா சார்ட் ஒட்ட உதவிக்கு வந்தார். லேப்டாப்பில் போலந்து ராணுவச் சின்னத்தைத் தேடி எடுத்தவர், படத்தையும் சிமிழையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏய், இந்தக் கழுகுக்குத் தலையில கிரீடம் இருக்கு. உன்னோடதுல எங்கடி?”

என் கழுகின் தலை மொட்டையாக இருந்தது. வாங்கும்போது கிரீடம் இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. உடைத்தது நான்தான் என்று முடிவே செய்துவிட்டேன். சனிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். புத்தகப் பையை உதறினோம். காராஜில் செய்தித்தாளை விரித்து வேக்யூம் கிளீனர் குப்பையைக் கொட்டிச் சலித்தோம். அம்மா மூன்று மாதமாகத் தேடிய தோட்டுத் திருகாணி கிடைத்தது. எங்கே கிடைத்தது என்று கேட்பாளே என்ற பயத்தில் அதையும் ஒளித்து வைத்தோம்.

அழுகிற என்னைப் பார்க்கச் சகிக்காமல் சித்தப்பா கொலு பெட்டியை இறக்கினார். பட்டாபிஷேக செட்டில் குட்டி பொம்மைகளுக்கு அம்மா தங்க நிறக் கிரீடங்களைத் தனியாக வாங்கி ஒட்டியிருந்தாள். ராமர் தலையில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

“சத்ருக்னன்து எடு. அவரை யாரு நோட் பண்ணப் போறாங்க?” என்றார் சித்தப்பா.

ஒட்டி முடித்தபோது கழுகு பெருமாள் கோயில் கருடன் மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை வகுப்பில் கிரீடத்தைத்தான் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு ஒவ்வொரு பாராட்டுக்கும் பயம் கூடியது.

சனிக்கிழமை காலை அங்கிள் அவர் வீட்டு காராஜில் நின்றிருந்தார். சிமிழைத் திறந்தவர் கழுகை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று கூசாமல் புளுகினேன். அவர் தலையை ஆட்டினார். இல்லை, இதற்குக் கிரீடமே கிடையாது என்றார். அவர் சேர்ந்த காலத்து அரசாங்கம் ராணுவக் கழுகுக்குக் கிரீடம் வைக்க விடவில்லையாம். அந்த ஆட்சி போன பிறகுதான் திரும்ப வைத்தார்களாம்.

பிறகு நகத்தால் மெல்ல நெம்பினார். சித்தப்பாவின் கோந்து லட்சணம், உடனே கையோடு வந்தது. கிரீடத்தை என் உள்ளங்கையில் வைத்து, இதைப் போட்டுக்கொள்ளும் தகுதி தனக்கு இல்லை என்றார். சொல்லிவிட்டு உள்ளே போகாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எதையும் உடைக்கவில்லை என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஒரு தேங்க்யூ சொல்லிவிட்டு எடுத்தேன் ஓட்டம். சத்ருக்னனுக்கு அன்றே மறுபடி முடிசூட்டு விழா நடந்தது.

கல்லூரிக்குப் போன பிறகுதான் அந்த நாட்டைப் பற்றிப் படித்தேன். ஒரு குளிர்காலத்தில் அந்த ராணுவத்தைச் சொந்த ஜனங்களுக்கு எதிராகவே தெருவில் டாங்கிகளோடு நிறுத்தியிருக்கிறார்கள். அதில் பல பேர் கட்டாயத்துக்குச் சேர்ந்த இருபது வயதுப் பையன்கள். அங்கிள் அதற்குள் வீட்டை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார். அந்தக் குளிர்காலத்தில் அவர் எங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது. அன்று காராஜில், ஏன் என்று நான் கேட்பேன் என்றுதான் அவர் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.