திரையில் ஒட்டிய பொட்டு

செயற்கைக்கோள் பேசுவது எண்களில்தான். பேட்டரி எவ்வளவு சூடு, மின்சாரம் எவ்வளவு, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைத் தரையில் வாங்கிப் பிரித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரம்பு வைத்து, உள்ளே இருந்தால் பச்சை, தாண்டினால் மஞ்சள், மீறிப்போனால் சிவப்பு என்று காட்டும் மென்பொருளை எழுதியவள் நான். மறைமலைநகரில், முன்பு கார் உதிரிபாகம் செய்த ஷெட்டில் எங்கள் கம்பெனி. கூரைமேல் ஆன்டெனா. மாமல்லபுரத்துக் கடல் பக்கம் எழும் கோள் மறைவதற்குள் பத்து நிமிடம் கிடைக்கும்.

அந்தப் பத்து நிமிடமும் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவள் அச்சரப்பாக்கத்துப் பெண். டிப்ளமோ படித்தவள், வாய்த்துடுக்கு. இந்த வேலை போனால் மறுமாதமே கல்யாணம் பண்ணி அனுப்பிவிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். பயந்துகொண்டுதான் சொல்வாள்.

கொஞ்ச நாளாகப் பேட்டரிச் சூடு மஞ்சளைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை மணி. முதலீட்டாளர்கள் வரப்போகிறார்கள், வரம்பைக் கொஞ்சம் உயர்த்திவிடு என்றார் மேனேஜர். மேலே ஹீட்டர் அணையாமல் எரிகிறதோ என்று எனக்குச் சந்தேகம்; அணைக்கச் சொல்லிக் கட்டளை அனுப்பிப் பார்ப்போம் என்றேன். "அதெல்லாம் அவங்க வந்துட்டுப் போவட்டும்" என்றவர், தன் அறைக்குப் போய்த் தன் பாஸ்வேர்டில் அவரே வரம்பை எட்டாத உயரத்துக்கு மாற்றிவிட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

மறுநாள் அவள் கேட்டாள். "இன்னாக்கா, நேத்து வரைக்கும் கத்திகினு இருந்துச்சு, இன்னிக்குப் பச்சையா கீது. சரியாயிடுச்சா?"

"சரியாவல. வரம்பத் தூக்கி மேல வச்சிட்டாங்க."

நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டைப் பிய்த்து, திரையில் சூடு கோடாக ஏறி இறங்கும் வரைபடத்தின் மேல், பழைய வரம்பு இருந்த உயரத்தில் ஒட்டினாள். "இதத் தாண்டிச்சின்னா நானே கத்துறேன். நீ இந்தப் படத்தோட அளவ மட்டும் மாத்தாத."

நான் மாற்றவில்லை. கோடு பொட்டைத் தாண்டும்போதெல்லாம் மேனேஜர் அறை வாசலில் போய் நின்று சொன்னாள். பச்சைதானே, போ என்று அனுப்பிக்கொண்டிருந்தார்.

முதலீட்டாளர்கள் வந்த காலையில், திரையில் இதென்ன அசிங்கம் என்று பொட்டைச் சுரண்டி எடுக்கவைத்தார். பசை போகவில்லை. அதில் தூசி படிந்து வட்டமாக ஒரு கறை நின்றது. வந்தவர்கள் போன பிறகும் ஹீட்டரைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நான் இரண்டு தரம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் கறையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "தாண்டிடுச்சி சார்."

ஒருநாள் ஆன்டெனா கடல் பக்கம் திரும்பிக் காத்திருந்தது. எண் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. பேட்டரி வெந்து செத்துப்போயிருந்தது.

விசாரணைக் கமிட்டி வந்தது. பதிவான எண்களை அதே திரையில் மறுபடி ஓட்டினார்கள். கோடு கறையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது, கடைசிவரை பச்சையாகவே.

"பச்சையா இருந்தாலும் ஏறுறதப் பாக்கறதுதான ஆபரேட்டர் வேலை?" என்றார் மேனேஜர்.

"ஒவ்வொரு தபாவும் உங்க ரூமாண்ட வந்து சொன்னேனே சார்."

"மெயில் போட்டியா?"

போடவில்லை. வாசலில் நின்று வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? வரம்பை உயர்த்தியவர் யார், பொட்டு ஏன் வந்தது என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவளை அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவை எடுக்க வந்தவள் கட்டைவிரல் நகத்தால் கறையைச் சுரண்டிப் பார்த்தாள். "போவ மாட்டேங்குது பாருக்கா." ரயிலுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாள். ஆவணியில் கல்யாணம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த கோளுக்கான திரையை வடிவமைக்கும் வேலையும் எனக்கே வந்தது. கூடவே கமிட்டியின் பரிந்துரைகளும் வந்தன. நான் சொன்னதைக் கவனமாகத்தான் கேட்டிருக்கிறார்கள். கண்காணிப்புத் திரைகளில் பொட்டு முதலிய எதையும் ஒட்டக் கூடாது என்பது முதல் பரிந்துரை. வரம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.