வாயில் வைக்காத முடிச்சு

மீன் சிக்கினால் பிடித்தவர் கெட்டிக்காரர், நழுவினால் நூல் கட்டியவர் உருப்படாதவர்: எங்கள் தொழிலின் நீதி இவ்வளவுதான். கடைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பிழைக்கிற உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

நியூஜெர்சியில் கடலோரத் தூண்டில் கடை ஒன்றில் ரீலுக்கு லெட்கோர் கட்டிக் கொடுப்பது என் வேலை. கணவருக்கு எடிசனில் ஐடி. ஒர்க் பெர்மிட் வந்ததும் பி.இ. படித்த எனக்கு முதலில் அகப்பட்டது இதுதான். லெட்கோர் என்றால் உள்ளே ஈயக்கம்பி ஓடும் நூல். படகு மெதுவாகப் போகும்போது அந்தக் கனத்தில் தூண்டில் ஆழத்திலேயே பின்னால் வரும்.

எச்சில்

முதல் நாள் முதலாளி ஃப்ராங்க் கற்றுக்கொடுத்தார். நுனியில் ஒரு சாண் அளவுக்கு ஈயத்தை உருவிப் போட்டு, காலியான உறைக்குள் நைலான் நரம்பை நுழைத்து முடிச்சிட வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உரசலில் சூடேறி நரம்பு வெந்துவிடும். அதனால் ஈரம் வேண்டும். சொல்லிக்கொண்டே முடிச்சை வாயில் வைத்துக்கொண்டார்!

கோயமுத்தூரில் தம்ளரைக்கூடத் தூக்கிக் குடித்து வளர்ந்தவள் நான். அடுத்தவர் சாமானில் எச்சிலா? ஈயம் விஷம் என்று சாக்குச் சொல்லி, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டேன். ஃப்ராங்க் சிரித்தார்.

"ஸ்பிட் இஸ் ஃப்ரீ, டியர். அண்ட் இட் நெவர் ஸ்பில்ஸ்."

எத்தனை கலர்?

லெட்கோர் பத்து கஜத்துக்கு ஒரு தடவை நிறம் மாறும். வெளியே எத்தனை நிறம் போயிருக்கிறது என்று எண்ணித்தான் ஆழத்தைக் கணிப்போம். புதிதாகப் படகு வாங்கிய ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். எத்தனை கலர் வேண்டும் என்று கேட்டேன். "எல்லாம் ஒரே கலரா இருக்கட்டுங்க, எங்க போட் வெள்ளை" என்றார் அவர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. எதுவும் வாங்காமல் கிளம்பினார்கள். வாசலில் அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"சிரிக்காம சொல்லிக் குடுத்திருந்தா நாங்களும் கத்துக்கிட்டிருப்போமுங்க."

சனிக்கிழமை

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடைக்கு வாடிக்கையாக வரும் நம்ம ஊர்க்காரர் சேகர் அங்கிள் ரீலோடு வந்தார். மகள் ஆகஸ்டில் காலேஜுக்கு டெக்சாஸில் ரிச்சர்ட்சன் போகிறாள். வீட்டில் ரூம் கதவு எப்போதும் சாத்தியே இருக்குமாம். மூன்று வருடமாக இவர் கூப்பிட்டதற்கு, மறுநாள் ஞாயிறு மீன் பிடிக்கப் படகில் வரச் சம்மதித்திருந்தாள்.

கடையில் கூட்டம். யாருடைய கையோ பட்டு என் தம்ளர் கவிழ்ந்தது. குழாய் பின்கட்டில் இருக்கிறது. வாயில் வைக்கலாம்தான். ஆனால் நம்ம ஊர்க்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே! ஒரு தடவைதானே என்று காய்ந்தபடியே இறுக்கிக் கொடுத்துவிட்டேன். அங்கிள் ரீலை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஒரே ஒரு மீன் மாட்டினாப் போதும்மா, அடுத்த வாரமும் வருவா."

நுனி

அடுத்த சனிக்கிழமை அங்கிள் மறுபடி வந்தார். மீன் மாட்டியிருக்கிறது, பெரிய மீன். தூண்டில் ராடு மகள் கையில். "அப்பா! அப்பா!" என்று கத்தினாளாம். அரை நிமிஷம். பிறகு நூல் அறுந்து தொய்ந்துவிட்டது. "இட்ஸ் ஓகே" என்று உட்கார்ந்து ஃபோனை எடுத்துவிட்டாள். இந்த வாரம் கூப்பிட்டதற்கு, "ஐ'ம் குட், அப்பா" என்று வர மறுத்துவிட்டாளாம்.

"டிராக்கை நான்தான் டைட் பண்ணிட்டேன் போல. நீ நல்லாத்தான் கட்டிக் குடுத்தே, நான் கெடுத்துட்டேன்" என்று ரீலை நீட்டினார். நுனியைப் பார்த்தேன். வெளுத்து, சுருண்டு கிடந்தது. அது ரீலில் நூலை விட்டுப் பிடிக்கும் டிராக்கின் வேலை இல்லை, காய்ந்தபடி இறுக்கிய என் வேலை. புதிதாகக் கட்டி, இந்தத் தடவை வாயில் வைத்து ஈரமாக்கி இறுக்கினேன். தம்ளர் நிறையத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. அங்கிள் முகம் சுளிக்கவில்லை.

"எங்கம்மாவும் இப்படித்தான்மா, எச்சில் தொட்டுத்தான் ஊசியில நூல் கோப்பாங்க."

ஆகஸ்டில் அந்தப் பெண் டெக்சாஸ் போய்விட்டாள். எச்சிலுக்குக் கூசிய வாய், தப்பு என்னுடையது என்று சொல்லவும் கூசியதுதான் இந்த வேலையில் நான் கண்ட மிச்சம்.